குழுப்படத்திலிருந்து எடுத்த முகம்: செயற்கை நுண்ணறிவால் பார்வையைத் திருப்புவது பற்றி

கீழவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தஞ்சாவூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்திவருகிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, பழைய படத்தைப் புதுப்பிப்பது என்று எல்லா வேலையும் வரும். அவற்றில் நான் மிகவும் பயந்து செய்வது இறந்தவர்களின் படத்தைத் தயார் செய்யும் வேலைதான், ஏனென்றால் அதைப் பார்த்துக் குறை சொல்லப்போகிறவர்கள் அந்த முகத்தோடு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள்.

இப்போது வந்திருக்கும் வேலை இதுதான். ஒரு குடும்பத்துப் பெரியவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் கூடத்தில் மாட்ட 16×20 அங்குலப் படம் வேண்டும் என்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவர் தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருப்பதில் நல்லது, சென்ற ஆண்டு பேரன் திருமணத்தில் எடுத்த குழுப்படம். பதினைந்து பேர் நிற்கும் அந்தப் படத்தில், அவருடைய துண்டின் நுனியைக் கொள்ளுப்பேத்தி பிடித்து இழுக்கிறாள். அவர் முகத்தைச் சற்றுத் திருப்பி, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். முகம் அவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் வீட்டாருக்கு ஒரே குறை, அவர் நம்மைப் பார்க்கவில்லை என்பது. மாலை போட்டு விளக்கேற்றினால் அவர் நம்மைப் பார்க்க வேண்டாமா என்று மூத்த மகன் கேட்கிறார்.

பார்வையை மாற்றும் வசதி உள்ள ஒரு செயலியில் முயன்றேன். கருவிழிகள் நடுவுக்கு வந்துவிட்டன. ஆனால் பெரியவர் எதையோ கண்டு சந்தேகப்பட்டு முழிப்பதுபோல் ஆகிவிட்டது. மூன்று முறை அளவைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தேன். கோளாறு எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைச் சரியாகச் செய்ய வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

பிக்சல்பித்தன்

ஐயா, முதலில் ஒரு கேள்வி. குழுப்படத்தில் அவருடைய முகத்தின் அகலம் எத்தனை பிக்சல்?

---

கீழவாசல்

24 மெகாபிக்சல் கேமரா. காது முதல் காது வரை அளந்தால் சுமார் 390 பிக்சல் வருகிறது.

---

பிக்சல்பித்தன்

அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனித முகத்தின் அகலம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். கருவிழி வட்டத்தின் குறுக்களவு பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சுமார் 11.7 மில்லிமீட்டர்தான், அதில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருக்காது. ஆகவே உங்கள் படத்தில் ஒரு கருவிழி வெறும் 33 பிக்சல் அகலம் கொண்டது. கண் ஐந்து பாகை திரும்பினால் கருவிழி சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். அது உங்கள் படத்தில் மூன்று பிக்சலுக்கும் குறைவு. அதாவது ஒரு பிக்சல் பிசகினால் பார்வை ஏறக்குறைய இரண்டு பாகை விலகிப்போகும். ஒரு கண்ணில் ஒரு பிக்சல் இந்தப் பக்கமும் இன்னொரு கண்ணில் ஒரு பிக்சல் அந்தப் பக்கமும் பிசகினால், இரண்டு கண்களும் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும் முகம் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 16×20 தாளில் முகம் ஆறு அங்குல அகலத்துக்கு வர வேண்டுமென்றால் ஓர் அங்குலத்துக்கு 65 பிக்சல்தான் கிடைக்கும். எனவே எப்படியும் பெரிதாக்கும் மென்பொருளில் போடுவீர்கள். அந்த மென்பொருள் இருப்பதைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை. இல்லாத இமைமுடியையும் கருவிழியின் ரேகைகளையும் தானாக ஊகித்து வரைகிறது. பார்வையைத் திருப்பிய பிறகு பெரிதாக்கினீர்களா, பெரிதாக்கிய பிறகு திருப்பினீர்களா? இரண்டாவது என்றால், மென்பொருள் ஒருமுறை கற்பனை செய்த கண்ணை இன்னொரு மென்பொருள் மறுபடி கற்பனை செய்திருக்கிறது.

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். 2016-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்ட டீப்வார்ப் போன்ற முறைகள், புதிதாக எதையும் வரையாமல், ஏற்கெனவே இருக்கும் பிக்சல்களையே பெரும்பாலும் இழுத்து நகர்த்தின. கண் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்போது மறைந்துபோன வெண்விழியை அவற்றால் சரியாகக் கொண்டுவர முடியாது. 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் நியூரல் ஃபில்டர்கள் வந்தபோது, ஸ்மார்ட் போர்ட்ரெயிட் என்ற ஃபில்டரில் பார்வையின் திசைக்கென்று ஒரு ஸ்லைடர் இருந்தது. அது முகத்தையே ஒரு நரம்பியல் வலைப்பின்னலின் வழியாக மறுபடி உருவாக்கித் தருவது. அதற்கும் பிறகு வந்தவை, நாம் எழுதும் கட்டளையைப் படித்து முழுப் படத்தையும் புதிதாகத் தருபவை. அவற்றில் கண்ணை மட்டும் மாற்று என்று எழுதினாலும் மூக்கின் நுனியும் மீசையின் அடர்த்தியும் கொஞ்சம் மாறித்தான் வரும். தெரிந்தவர்கள் பார்த்தால், அண்ணனைக் கேட்டதற்குத் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருக்கும்.

---

விழிமொழி

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பார்வையைப் பரிசோதிப்பவள். நிழற்படம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே; ஆனால் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைப் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு சொல் விளக்கத்தையும் முன்னதாகவே வைத்துவிடுகிறேன்: மருத்துவத்தில் கருவிழி என்றால் கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா. இங்கே எல்லோரும் கறுப்பாகத் தெரியும் வட்டத்தைக் கருவிழி என்கிறீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதன் நடுவில் உள்ள துளை கண்மணி.

குழந்தைகளுக்கு மாறுகண் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு சிறிய டார்ச் விளக்கை நேரே காட்டி, அதன் பிரதிபலிப்பு கண்மணியின் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்போம். இதற்கு ஹிர்ஷ்பெர்க் சோதனை என்று பெயர். புள்ளி கண்மணியின் விளிம்பில் விழுந்தால் கண் சுமார் 15 பாகை விலகியிருக்கிறது. கண்மணி விளிம்புக்கும் கருவிழி விளிம்புக்கும் நடுவில் விழுந்தால் சுமார் 30 பாகை. கருவிழியின் விளிம்பிலேயே விழுந்தால் சுமார் 45 பாகை. கண் திரும்பும்போது கருவிழி நகர்கிறதே தவிர, விளக்கு நகர்வதில்லை. ஆகவே கருவிழியோடு அந்தப் புள்ளியும் சேர்ந்தே நகராது. படத்தைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனாலும் ஏதோ தவறு என்று அவர் மனத்துக்குப் படும்.

உங்கள் செயலி கருவிழியை நகர்த்தியபோது ஒளிப்புள்ளியையும் அதோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்ப்பவரின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மண்டபம், அதே விளக்குகள். அவர் கண்ணில் புள்ளி விழுந்த இடத்தில்தான் பெரியவர் கண்ணிலும் விழ வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. நேரே பார்க்கும் நல்ல கண்ணில்கூட அந்தப் புள்ளி கண்மணியின் நட்டநடுவில் விழுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சற்றே மூக்குப் பக்கமாக விழும். இரண்டு கண்ணிலும் நட்டநடுவில் புள்ளி வைத்தால் கொலு பொம்மையின் கண் கிடைக்கும்.

---

கீழவாசல்

விழிமொழி அம்மா சொன்னதைப் பார்த்தேன். சொல்லி வைத்ததுபோல் இருக்கிறது. மண்டபத்தில் வீடியோக்காரர்களின் இரண்டு விளக்குகள் வலப்புறம் உயரத்தில் இருந்தன. பக்கத்தில் நிற்கும் மருமகனின் கண்ணில் இரண்டு புள்ளிகள் வலது மேல் மூலையில் இருக்கின்றன. செயலி செய்த படத்தில் பெரியவரின் இடது கண்ணில் ஒரு புள்ளி கீழே இறங்கியிருக்கிறது. வலது கண்ணில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது. அதை அழித்து, தனி லேயரில் சிறு தூரிகையால் சரியான இடத்தில் வைத்தேன். கண்ணில் உயிர் வந்தது. ஆனால் அந்தச் சந்தேகப் பார்வை மட்டும் போகவில்லை.

---

கோட்டோவியம்

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழவாசல், கோளாறு கண்ணில் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை, மூக்கைப் பாருங்கள்.

1824-இல் வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், உருவப்படங்களில் கண்கள் எந்தத் திசையைப் பார்ப்பதாகத் தோன்றுகின்றன என்பதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பல்லேடியம், ரோடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தவரும், ஓவியர்கள் கண்ணால் பார்ப்பதைத் தாளில் பார்த்து வரைய உதவும் கேமரா லூசிடா என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றவரும் இவர்தான். நம்மைப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்களை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே உள்ள மூக்கையும் வாயையும் மட்டும் வேறு பக்கம் திரும்பிய முகத்திலிருந்து எடுத்து ஒட்டினார். கண்ணில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் பார்வை நம்மை விட்டு விலகிப்போனது. பார்வையின் திசையை நாம் கருவிழியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, முகம் திரும்பிய அளவையும் சேர்த்தே கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம் என்பது அவர் காட்டியது. என் மாணவர்களிடம் அந்தச் சோதனையைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து வந்து தாளைத் தொட்டுப் பார்ப்பார்.

உங்கள் பெரியவர் முகத்தைக் குழந்தை பக்கம் திருப்பியிருக்கிறார். கண்ணும் அந்தப் பக்கமே போயிருந்தது. இப்போது நீங்கள் முகத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் இழுத்துக் கேமரா பக்கம் வைத்திருக்கிறீர்கள். முகம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்றால் அதற்குத் தமிழில் பெயர் உண்டு: ஓரக்கண் பார்வை. காதலி பார்த்தால் கடைக்கண் என்று பாட்டெழுதலாம். மாலை போட்ட படத்தில் தாத்தா அப்படிப் பார்த்தால் வீட்டில் யாரையோ நம்பவில்லை என்றுதான் தோன்றும்.

இமையையும் பாருங்கள். குழந்தை கீழே நின்றதால் அவருடைய கண் தாழ்ந்திருந்தது. கண் தாழும்போது மேலிமையும் கூடவே இறங்கும். கருவிழியை மேலே ஏற்றிய மென்பொருள் இமையை ஏற்றாமல் விட்டிருந்தால் தூக்கக் கலக்கமாகத் தெரியும். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் முழிப்பாகத் தெரியும். சிரிக்கும்போது கன்னத்துச் சதை கீழிமையை மேலே தள்ளும். அந்தக் கீழிமை தட்டையாகிவிட்டால் வாய் மட்டுமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஒருவருக்கு என்று கொடுத்த சிரிப்பு, ஐயா. கண்ணைத் திருப்பியவுடன் அது யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

---

இருட்டறை

எழுபத்தொரு வயதாகிறது எனக்கு. நெகடிவ் டச்சிங் செய்துதான் என் வயிறு வளர்ந்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகடிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துத் தழும்பை மறைப்போம். நெகடிவில் கறுப்பு வைத்தால் பிரிண்டில் வெள்ளையாக வரும். கண் மூடியிருந்தால் பிரிண்டின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்ணை வரைந்து, அதை மறுபடி படமெடுத்துக் கொடுப்போம். இறந்த பிறகு எடுத்த ஒரே படத்தில் கண்ணைத் திறந்து தரச்சொல்லிக் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே இது இன்று கணினியால் புதிதாக வந்த ஆசை அல்ல.

ஒரு வேறுபாடு மட்டும் சொல்கிறேன். நான் கண் வரையும்போது வீட்டாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். ஸ்தபதி சிலையின் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்பார். நானும் கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். தூரிகை போன வழி எது, ஒளி தானாக வரைந்தது எது என்று எனக்குத் தெரியும். இப்போது ஸ்லைடரைத் தள்ளிவிட்டால் எது யாருடையது என்று தள்ளியவருக்கே தெரிவதில்லை. கீழவாசல் தம்பி, நீங்கள் மகனிடம் கேட்டீர்கள், சரி. பெரியவரின் மனைவி, அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?

---

செய்திமேசை

வேறொரு கோணம். நான் ஒரு நாளிதழில் படப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் மாட்டும் படத்தில் என்ன செய்வது என்பது வீட்டாரின் விருப்பம். நாளிதழில் கட்டணம் கட்டிப் போடும் கண்ணீர் அஞ்சலிக்கும் அதுவே பொருந்தும். ஆனால் அதே படம் நாளைக்குச் செய்திக்காகக் கேட்கப்பட்டால், திருத்தியது என்று சொல்லிவிடுங்கள். 2024 மார்ச்சில் வேல்ஸ் இளவரசி தன் குழந்தைகளுடன் இருக்கும் படத்தை அரண்மனை வெளியிட்டபோது, அவருடைய மகள் ஷார்லட்டின் சட்டைக் கைப்பகுதி பொருந்தாமல் இருப்பதைக் கண்டு ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, கெட்டி ஆகிய செய்திப்பட நிறுவனங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றன. ஒரு கைப்பட்டைக்கே அந்தக் கதி. பாஸ்போர்ட் படத்தில் மட்டும் எந்த நிலையிலும் இதைச் செய்யாதீர்கள். கண் விலகியிருந்தால் மறுபடி எடுப்பது ஒன்றே வழி.

---

சந்தமாமாவின்தாய்

பல மாதங்களாகப் படிக்க மட்டும் வருபவள்; இந்த இழையில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் மகனுக்கு ஆட்டிசம். ஒன்பது வயது. அவன் யாருடைய கண்ணையும் நேரே பார்க்க மாட்டான். பேசுகிறவரின் தோளையோ காதையோ பார்ப்பான். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். வந்த அட்டையில் அவன் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது, மகிழ்ச்சியால். பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் ஒன்றாக மென்பொருளில் போட்டதாகவும், அது தானாகவே சரிசெய்துவிட்டதாகவும் படமெடுத்தவர் சொன்னார். அவர் தவறான எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் இவ்வளவு நாளாக நான் பெற முயன்றும் கிடைக்காத ஒரு பார்வையை, கேட்காமலே, பொய்யாக எனக்குக் கொடுத்துவிட்டார். அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளைப் பார்க்கும் படத்தை வைத்து வேறு அட்டை வாங்கினேன்.

செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

---

வண்ணக்கலவை

மேலே எழுதிய சகோதரியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரன் பார்ப்பதற்கான படம் எடுக்க என் ஸ்டுடியோவுக்கு மாதத்துக்கு ஓரிருவராவது மாறுகண் உள்ளவர்கள் வருகிறார்கள். கண்ணைச் சரிசெய்து தரும்படி அவர்களே கேட்கிறார்கள். பருவை அழிக்கிறோம், தோலை வெளுப்பாக்குகிறோம், தொப்பையைக் குறைக்கிறோம். அப்போதெல்லாம் வராத அறம் கண்ணுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? தன் படத்தில் தன் கண் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் முடிவு செய்தால், மறுக்க நான் யார்?

---

விழிமொழி

வண்ணக்கலவை, அந்தப் பெண்ணின் விருப்பத்தை நீங்கள் மதிப்பது சரியே. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் நிமிடத்திலேயே நேரில் பார்க்கப்போகிற ஒன்றைப் படத்தில் மறைத்துக் கொடுத்தால், அந்த நிமிடத்தின் அவமானம் முழுவதும் அவள் தலையில்தான் விழும். என்னிடம் அப்படி அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. தலையைச் சற்றுத் திருப்பி, விலகும் கண் ஒதுங்காத கோணத்தில் வைத்து எடுப்பது பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. அதில் பொய் எதுவும் இல்லை. வந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தைகளைச் சிகிச்சைக்கு அழைத்து வராமல் இருந்துவிடாதீர்கள். சிறு வயதில் கவனிக்காவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிப்போகலாம். வயது வந்தவர்களுக்கும் அறுவை சிகிச்சையால் கண்ணை நேராக்க முடியும்.

---

கீழவாசல்

இருட்டறை ஐயா கேட்ட கேள்வியால் நேற்று மாலை அந்த வீட்டுக்கே போனேன். அந்த அம்மாவிடம் இரண்டு பிரிண்டுகளையும் கொடுத்தேன், எது எது என்று சொல்லாமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திருத்திய படத்தைக் காட்டி, இதில் இடது கண் சரியாக இருக்கிறதே என்றார். சரியாக இருப்பது நல்லதுதானே அம்மா என்றேன். அவருக்கு இடது கண் கொஞ்சம் வெளியே ஒதுங்கும், அசதியாக இருந்தால் நன்றாகவே ஒதுங்கும், கல்யாணமான புதிதில் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்றே தெரியாமல் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் யாருக்கும் அது நினைவில்லை. அசல் படத்தில் அவர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்ததால் என் கண்ணுக்கும் படவில்லை.

விழிமொழி அம்மா, மென்பொருளுக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

---

விழிமொழி

மென்பொருளுக்குத் தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துக் கற்றது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு கண்களும் ஒரே புள்ளியைப் பார்ப்பவை. ஆகவே கேமராவைப் பார் என்றால் இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும். அது பழகிய சராசரி மனிதரின் கண்ணை உங்கள் பெரியவருக்கு வைத்திருக்கிறது. அவரைப் போன்றவர்களுக்கு, விழித்தெழுந்த வேளையில் நேராக இருக்கும் கண் மாலையில் ஒதுங்கும். எந்த அளவு ஒதுங்கும் என்பதை அந்த ஒரு படத்திலிருந்து யாராலும் கணிக்க முடியாது, நானாக இருந்தாலும் சரி.

ரெம்பிராண்டின் சுய உருவப்படங்களைப் பார்த்து, அவருக்கு ஒரு கண் வெளிப்புறமாக விலகியிருந்திருக்கலாம் என்று 2004-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். ஓவியர் தன் கண்ணைத் திருத்தாமல் விட்டதால்தான் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது.

---

பிக்சல்பித்தன்

ஐயா, அப்படியானால் கண்ணை உருவாக்குவதை விட்டுவிட்டு, உண்மையான கண்ணைத் தேடுவோம். 2018-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் மூடிய கண்ணைத் திறப்பதற்கு ஒரு முறையை வெளியிட்டபோது, அதே நபரின் வேறொரு படத்தை மாதிரியாகக் கொடுத்தார்கள். அப்போதுதான் வந்த கண் அவருடையதாக இருந்தது. 2023-இல் கூகுளின் பிக்சல் 8 கைப்பேசியில் வந்த பெஸ்ட் டேக் வசதியும் அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்தே முகங்களை எடுத்து மாற்றுகிறது. மாதிரி இல்லாத இடத்தில்தான் சராசரி புகுந்துவிடுகிறது.

குழுப்படம் எடுத்தவர் ஒரு ஃப்ரேமோடு நிறுத்தியிருக்க மாட்டார். நான்கைந்து தட்டியிருப்பார், அவருடைய ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்புகளைக் கேளுங்கள். அடுத்து வீடியோ. 4கே வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமும் 3840×2160, அதாவது எட்டு மெகாபிக்சலுக்கு மேல். அருகிலிருந்து எடுத்த காட்சி என்றால், உங்கள் குழுப்படத்தில் கிடைத்த 390-ஐ விட அதிகப் பிக்சல் முகத்துக்குக் கிடைக்கும். பந்தியில் கட்டாயம் ஒருமுறையாவது கேமராக்காரர் அவர் இலைக்கு எதிரே வந்து நின்றிருப்பார்.

இன்னொன்று: அந்தச் செயலி படத்தை வெளியே ஏதோ சர்வருக்கு அனுப்பித்தான் திருத்தியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுப்படத்தில் மீதிப் பதினான்கு பேரும் இருக்கிறார்கள், குழந்தை உட்பட.

---

கீழவாசல்

ரா கோப்புகள் கிடைக்கவில்லை. ஆல்பம் கொடுத்து ஆறு மாதத்தில் அழித்துவிடுவது அவர்களுடைய வழக்கமாம். வீடியோ இருந்தது. நேற்று இரவு நாலேகால் மணி நேரத்தையும் ஓட்டிப் பார்த்தேன். பந்தியில் இல்லை, அங்கே அவர் பாயசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால், மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். மொத்தம் ஒன்றேகால் நொடி, முப்பத்தொரு ஃப்ரேம். முகத்தின் அகலம் 640 பிக்சல். பெரிய சிரிப்பு இல்லை. கூப்பிட்டது யார் என்று பார்க்கும் முகம், அவ்வளவுதான். முதல் பத்து ஃப்ரேமில் தலை அசைவதால் கலங்கல். அடுத்த பத்தில் இமை பாதி. இருபத்தாறாவது ஃப்ரேமில் எல்லாம் கூடி வந்திருக்கிறது. இடது கண் சற்று ஒதுங்கியிருக்கிறது.

16×20 வேண்டாம், 12×15 போதும் என்று நானே சொன்னேன். அதற்கு மேல் இழுத்தால் பெரிதாக்கும் மென்பொருள் மறுபடி கண்ணில் கைவைக்கும். கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறது. மேட் தாளில் போட்டதும் அது உறுத்தவில்லை. பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

---

கோட்டோவியம்

குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் படத்தை என்ன செய்தீர்கள்?

---

கீழவாசல்

அதைத் திருத்தாமல், துண்டைப் பிடித்த அந்தச் சின்னக் கையும் வரும்படி வெட்டி, 8×10 அளவில் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மூத்த மகன் முதலில் வாங்கத் தயங்கினார். அவருக்கு இன்னமும் நேராகப் பார்த்துச் சிரிக்கும் அப்பாதான் வேண்டும், அப்படி ஒரு படம் இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அம்மாதான் வாங்கிக்கொண்டார், அது அவருடைய அறையில் இருக்கிறது.

செயலியில் ஏற்றிய படத்தை அழித்துவிட்டேன். கணக்கையும் மூடிவிட்டேன்.

---

இருட்டறை

கூடத்துப் படத்தில் தலைக்கு மேல் இடம் விட்டீர்களா, தம்பி?

---

கீழவாசல்

விட்டேன் ஐயா. தலைக்கு மேல் மூன்று விரல்கடை, மாலை தொங்குவதற்குக் கழுத்துக்குக் கீழ் ஒரு சாண். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேல்தானே வைப்பார்கள். நெற்றியில் வைத்தது புருவத்துக்கு வழிந்து கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக முகத்தை அரை அங்குலம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.